வீட்டு மின்சுற்றில் தொடரிணைப்பும் பக்க இணைப்பும்: செட்டிநாட்டு வீடு ஒன்றை முன்வைத்து ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டுக் கல்யாண வீட்டின் முகப்பில் தொங்கவிட்ட சீரியல் விளக்குச் சரத்தில் ஒரு சிறு பல்பு கருகிவிட்டால், அதனோடு சேர்ந்த வரிசை முழுவதும் இருண்டுவிடுகிறது. அதே வீட்டின் வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஓடும் மின்விசிறிகளில் ஒன்று பழுதாகி நின்றுபோனாலோ, மற்றவை எதுவும் நடவாததுபோல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இரண்டுக்கும் மின்சாரம் வருவது ஒரே மீட்டரிலிருந்துதான். வேறுபாடு இணைத்த முறையில் இருக்கிறது. சரத்துப் பல்புகள் தொடரிணைப்பில் இருக்கின்றன. மின்விசிறிகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. வேலை செய்கிறவர்கள் இவற்றைச் சீரிஸ் என்றும் பேரலல் என்றும் சொல்வார்கள்.

பள்ளிப் பாடத்தை நினைவில் வைத்திருப்பவர், வீட்டில் எல்லாமே பக்க இணைப்புதான் என்று சொல்லிவிடுவார். அது பாதி உண்மை. மின்சாரத்தைச் செலவழிக்கும் கருவிகள் ஒன்றுக்கொன்று பக்க இணைப்பில் இருக்கின்றன; அவற்றைக் கட்டுப்படுத்தும் சுவிட்சும், அவற்றைக் காக்கும் பியூஸும் எம்.சி.பி.யும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), மின்சாரத்தைச் சுமந்து வரும் வயரும் அவற்றோடு தொடரிணைப்பில் இருக்கின்றன. வீட்டு மின்பழுதுகளில் பெரும்பங்கு, நாம் வைக்காத ஒரு தொடரிணைப்பு எங்கோ ஓரிடத்தில் தானாக முளைத்துவிடுவதால் வருகிறது என்பது பழைய வீடுகளில் வயரிங் பார்த்துப் பார்த்து நான் கண்டுகொண்டது. இந்தக் கட்டுரையின் பின்பாதி அந்தப் பழுதுகளைப் பற்றியது.

தொடங்குவதற்கு முன் ஒரு வரம்பு. கீழே சொல்லும் 12 வோல்ட் சோதனையை யாரும் தாமே செய்து பார்க்கலாம். 230 வோல்ட் ஓடும் எந்த இடத்தையும் திறப்பதானால், தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளர் உடனிருக்க வேண்டும். மீட்டரும் அதற்கு முன்னால் உள்ள பகுதியும் மின் வாரியத்துக்கு உரியவை; அவற்றின் சீலைத் தொடவே கூடாது.

வாசல்களும் அறைகளும்

பெரும்பாலான செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு வாசலில் நின்று பார்த்தால், வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எனப் பின்வாசல் வரை நிலைகள் ஒரே நேர்கோட்டில் தெரியும். இந்த வாசல்களில் எந்த ஒன்றைச் சாத்தினாலும் முன்தெருவிலிருந்து பின்தெருவுக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். தொடரிணைப்பு இப்படிப்பட்டது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் வேறு மாதிரி. ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது வீட்டில் பங்குள்ள ஒவ்வொரு மணமான குடும்பத்துக்கும், உரிய அறை தன் கதவை நேரே வளவை நோக்கித் திறந்துகொள்கிறது. ஓர் அறையைப் பூட்டிக்கொண்டு அதற்குரியவர்கள் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டாலும், அடுத்த அறைக்குள் நுழைய அது தடையாக இருப்பதில்லை. பக்க இணைப்பு இப்படிப்பட்டது. எந்த அறைக்குப் போவதானாலும் முகப்பு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதையும் இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். அந்த முகப்பு வாசல்தான் மெயின் சுவிட்ச்.

விதிகள் சிலவே. தொடரிணைப்பில் உள்ள எல்லாக் கருவிகளின் வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டம் செல்கிறது. மின்னழுத்தம் மட்டும் அவற்றுக்கிடையே பங்கு பிரிகிறது. எதற்கு மின்தடை அதிகமோ அதற்குப் பெரிய பங்கு போகிறது. பக்க இணைப்பில் எல்லாக் கருவிகளுக்கும் முழு மின்னழுத்தம் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ள, அவையெல்லாம் மெயின் வயரில் ஒன்றாகக் கூடுகின்றன. கருவி கூடக் கூட மொத்த மின்தடை குறைகிறது என்பது புதியவர்களுக்கு முரணாகத் தோன்றும். வளவில் கதவுகள் கூடக் கூட ஆட்கள் உள்ளே நுழைவதற்கான வழியும் கூடுகிறது என்று நினைத்துப் பார்த்தால் முரண் தீர்ந்துவிடும்.

மேசைமேல் ஒரு சோதனை

மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 10 வாட் பல்பு இரண்டும், காரின் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றும், அவற்றுக்கான ஹோல்டர்களும், சிறிய யு.பி.எஸ். பேட்டரி ஒன்றும், ஒரு மல்டிமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். பல்புகள் இழைப் பல்புகளாகவே இருக்க வேண்டும், எல்.இ.டி. பல்பு இந்தச் சோதனைக்கு உதவாது. பேட்டரியின் நேர்முனையை ஒட்டி 5 ஆம்பியர் பியூஸ் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். 12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்றாலும், முனைகள் தவறி ஒன்றையொன்று தொட்டால் வயர் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும்.

முதலில் 10 வாட் பல்புகள் இரண்டையும் பக்க இணைப்பில் இணையுங்கள். இரண்டின் ஒரு முனையும் பேட்டரியின் நேர்முனைக்கும், மறுமுனைகள் இரண்டும் எதிர்முனைக்கும் செல்ல வேண்டும். இரண்டும் முழு வெளிச்சத்தில் எரியும். ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், மற்றது அசைந்துகொடுக்காது. ஒரு பல்பு இழுப்பது சுமார் 0.83 ஆம்பியர், இரண்டும் எரியும்போது பேட்டரியிலிருந்து வருவது 1.67 ஆம்பியர்.

அடுத்து அதே பல்புகளைத் தொடரில் இணையுங்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து முதல் பல்புக்கு ஒரு வயர், முதல் பல்பின் மறுமுனையிலிருந்து இரண்டாம் பல்புக்கு ஒரு வயர், அங்கிருந்து எதிர்முனைக்கு ஒரு வயர். இப்போது இரண்டும் மங்கலாக எரியும். மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்து ஒவ்வொரு பல்பின் குறுக்கேயும் அளந்தால் ஏறத்தாழ 6 வோல்ட் காட்டும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். இந்த நிலையில், கழற்றிய பல்பின் வெற்று ஹோல்டரின் இரு முனைகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். 6 வோல்ட் அல்ல, முழு 12 வோல்ட்டும் அங்கே நிற்கும். இந்த அளவீட்டை மறந்துவிட வேண்டாம்; சீரியல் சரத்தைப் பற்றிப் பேசும்போது இதுவே உயிர் காக்கும் செய்தியாகிறது.

மூன்றாவதாக, 10 வாட் பல்பையும் 21 வாட் பல்பையும் தொடரில் இணையுங்கள். எது கூடுதலாக எரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் 21 வாட் என்பார்கள். எரிவது 10 வாட் பல்பு. 21 வாட் பல்பு கிட்டத்தட்ட இருண்டு கிடக்கும். 10 வாட் பல்பின் மின்தடை 14.4 ஓம், 21 வாட் பல்பின் மின்தடை 6.9 ஓம், மின்தடை கூடியதற்கே மின்னழுத்தத்தில் பெரும்பங்கு. கணக்குப்படி முன்னதற்கு 8.1 வோல்ட்டும் பின்னதற்கு 3.9 வோல்ட்டும் வர வேண்டும். மல்டிமீட்டரில் பின்னது இன்னும் சற்றுக் குறைவாகவே இருக்கும். இழை சரியாகச் சூடேறாதபோது அதன் மின்தடையும் இறங்கிவிடுவதே காரணம். வாட் குறைந்த கருவிக்குத் தொடரில் மின்னழுத்தம் அதிகம் போகும் என்பதை இங்கே கண்ணால் பார்த்துவிட்டீர்கள். மூன்று ஃபேஸ் (மின்சாரம் வரும் உயிர் வயர்) உள்ள வீட்டில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் வயர்) அறுந்தால் எந்தக் கருவி முதலில் கருகும் என்பதற்கும் விடை இதுவே.

ஒரு விளக்கின் பாதை

இனி வீட்டுக்கு வருவோம். இங்கே எதையும் திறக்க வேண்டியதில்லை; தாளும் பென்சிலும் போதும். பட்டாலைக் கூடத்தில் உள்ள ஒரு விளக்கைத் தேர்ந்துகொண்டு, மீட்டரிலிருந்து அதுவரை மின்சாரம் வரும் பாதையை வரைந்து பாருங்கள். மீட்டரிலிருந்து மெயின் சுவிட்ச், அதிலிருந்து ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்), அதிலிருந்து அந்தப் பகுதிக்குரிய எம்.சி.பி., சுவிட்ச் போர்டு, சுவிட்ச், விளக்கு, பிறகு நியூட்ரல் வழியாகத் திரும்பும் பாதை. இந்த வரிசையில் ஒன்று திறந்தாலும் விளக்கு அணையும். ஆகவே இவை அனைத்தும் அந்த விளக்கோடு தொடரிணைப்பில் இருக்கின்றன. ஆர்.சி.சி.பி. வேலை செய்வதும் தொடரிணைப்பு விதியால்தான்: ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். ஒருவர் உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ ஒரு பங்கு கசிந்து, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டிவிட்டால் அது விழுந்துவிடும்; வீடுகளில் வைக்க வேண்டியது இந்த 30 மில்லி ஆம்பியர் வகை.

சுவிட்ச் எப்போதும் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு அணைவதும் எரிவதும் ஒழுங்காகத்தான் நடக்கும். தொடரிணைப்பில் சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் பாதை துண்டிக்கப்படுகிறதே. ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டர் வரை ஃபேஸ் வந்து நிற்கும். பல்பு மாற்ற ஏணியில் ஏறியவருக்கு அது தெரியாது. மிகப் பழைய வயரிங்கில் பீங்கான் பியூஸ் கேரியர்கள் ஃபேஸில் ஒன்றும் நியூட்ரலில் ஒன்றுமாக இரண்டு இருந்ததுண்டு; நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் வீடு இருண்டிருக்கும், வயரில் மட்டும் உயிர் இருக்கும். அப்படி ஒன்றை இன்றும் கண்டால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

கருவிகளுக்குள்ளும் இரண்டு இணைப்புகளும் கலந்திருக்கின்றன. பழைய டியூப்லைட் பட்டி இதற்கு அழகான எடுத்துக்காட்டு. சோக் டியூபோடு தொடரில் இருந்து மின்னோட்டம் வரம்பு மீறாமல் பிடித்துவைக்கிறது. ஸ்டார்ட்டர் டியூபுக்குப் பக்க இணைப்பில் இருக்கிறது. டியூப் எரியத் தொடங்கிய பின் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டாலும் டியூப் அணையாதது அதனால்தான். மின்விசிறி ரெகுலேட்டரும் தொடரில் இருப்பதே. பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டரின் உள்ளே மின்தடைக் கம்பி இருந்தது. விசிறியின் வேகம் குறைந்தபோது மிச்சமான மின்சாரம் சேமிக்கப்படவில்லை, பெட்டியைச் சூடாக்கியது. புதிய பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) மின்விசிறியைப் பொருத்தும்போது அந்த ரெகுலேட்டரைப் பாதையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

வரிசையாக இருப்பதெல்லாம் தொடரிணைப்பு அல்ல

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்தால் முதல் சுவிட்சிலிருந்து இரண்டாவதற்கும், அதிலிருந்து மூன்றாவதற்கும் சிவப்பு வயர் தாவித் தாவிச் செல்வது தெரியும். வேலை செய்பவர்கள் இதை லூப் என்பார்கள். பார்வைக்குத் தொடர்போலத் தோன்றினாலும் இது பக்க இணைப்பு. ஃபேஸ் ஒவ்வொரு சுவிட்சின் ஒரே முனையைத் தொட்டுச் செல்கிறதே தவிர, ஒரு சுவிட்சின் உள்ளே நுழைந்து மறுமுனை வழியாக வெளிவந்து அடுத்ததற்குப் போவதில்லை. ஒரு கருவியின் இரு முனைகளில் ஒன்று ஃபேஸையும் மற்றது நியூட்ரலையும் வேறொரு கருவியின் துணையில்லாமல் அடைகின்றனவா என்று பாருங்கள். அடைந்தால் பக்க இணைப்பு. இன்னொரு கருவியைக் கடந்துதான் அடைய முடியும் என்றால் தொடரிணைப்பு. வயர் எந்தச் சுவரில் எப்படி ஓடுகிறது என்பது பொருட்டல்ல.

லூப்பில் ஒரு பலவீனமும் உண்டு. நடுவில் ஒரு திருகு தளர்ந்தால், அதற்குப் பின்னால் உள்ள எல்லா மின்புள்ளிகளும் (விளக்கு, விசிறி, பிளக் பாயிண்ட்) சேர்ந்து செத்துப்போகும். முன்னால் உள்ளவை எரியும். ஆகவே ஒரு போர்டில் பாதி மட்டும் வேலை செய்யவில்லை என்றால், எரியும் கடைசிப் புள்ளிக்கும் எரியாத முதல் புள்ளிக்கும் இடையில்தான் கோளாறு. தேடுவதற்கு இதைவிட நல்ல குறிப்பு கிடையாது.

வீட்டின் மின் வரைபடம்

பரம்பரை வீட்டைப் புதிதாகப் பொறுப்பேற்றவர் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டின் தரைப்படத்தைக் கட்டுவாரியாக ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு விளக்கு, விசிறி, பிளக் பாயிண்டுக்கும் ஓர் எண் கொடுங்கள். எல்லாவற்றையும் எரியவிட்டு, பிளக் பாயிண்டுகளில் ஒரு மேசை விளக்கை மாற்றி மாற்றிச் செருகி, எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக அணைத்து, எவை எவை அணைகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே எம்.சி.பி.யோடு அணைபவை ஒரு கிளை. வளவின் கிழக்குத் தாழ்வாரத்து விளக்கும் மூன்றாம் கட்டின் கிரைண்டரும் ஒரே கிளையில் இருப்பது போன்ற விசித்திரங்கள் வெளிப்படும். தலைமுறைக்கு ஒருவர் இழுத்த வயர் அப்படித்தான் இருக்கும்.

விளக்கு, விசிறிக் கிளை ஒன்றில் 10 புள்ளிகளுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ இருக்கக் கூடாது என்பதும், பவர் பாயிண்ட் கிளையில் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் இந்திய வயரிங் தரவிதி ஐ.எஸ். 732 காட்டிய அளவு. உங்கள் வரைபடத்தை இந்த அளவோடு ஒப்பிட்டாலே எங்கே புதுக்கிளை தேவை என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு குடும்பத்தின் அறைக்கும் தனி எம்.சி.பி. வைத்துவிட்டால், பூட்டிக்கிடக்கும் அறைக்கு மின்சாரத்தை நிறுத்திவைக்கலாம்; எலி கடித்த வயர் அங்கே இருந்தாலும் மற்றவர்களுக்குத் தொல்லை இல்லை.

செட்டிநாட்டு வீடுகளின் மின்சுமை ஒரு தனிரகம். பதினொரு மாதம் காவலாள் அறையில் ஒரு விளக்கு மட்டும் எரியும்; பிறகு ஒரு கல்யாணத்துக்கோ முன்னோர் படைப்புக்கோ எல்லாக் குடும்பத்தாரும் ஒரே நாளில் வந்து இறங்குவார்கள். பக்க இணைப்பில் மின்னோட்டங்கள் கூடும் என்ற விதி அன்றைக்குத்தான் தன் முகத்தைக் காட்டும். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர், 750 வாட் மிக்ஸி 3.3 ஆம்பியர் இழுக்கின்றன. மூன்றும் ஒரே கிளையில் ஓடினால் 16.3 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு உடனே விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். தன் அளவைப் போல் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் இருப்பதும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுவதும்தான் அதன் வடிவமைப்பு. அதுவரை அந்தச் சூட்டை வயர்தான் தாங்க வேண்டும். ஆகவே 16 ஆம்பியர் கிளைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்குக் குறையாமல் இருக்கட்டும். அடிக்கடி விழுகிறது என்று எம்.சி.பி.யை மட்டும் 25 ஆம்பியராக மாற்றிவிட்டு வயரை அப்படியே விடுவது, தேக்கு மர உத்தரத்தின் அடியில் அடுப்பு மூட்டுவதற்குச் சமம்.

சீரியல் சரம்

சீரியல் என்ற பெயரே சீரிஸிலிருந்து வந்ததுதான். பழைய இழைப் பல்புச் சரத்தில் 6 வோல்ட் பல்புகள் சுமார் 38-ஐத் தொடரில் கோத்து 230 வோல்ட்டில் எரியவிட்டார்கள். நூறு, இருநூறு பல்புள்ள நீளச் சரம் என்றால், இப்படிப்பட்ட வரிசைகள் பல ஒன்றுக்கொன்று பக்க இணைப்பில் இருக்கும். எல்.இ.டி. சரத்திலும் அமைப்பு இதுவே, வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் என்பதால் எண்ணிக்கைதான் மாறும்.

சரம் எரியவில்லை என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. 6 வோல்ட் பல்புதானே என்று நினைத்து வெறுங்கையால் தொடுகிறவர்கள், மேசைச் சோதனையில் வெற்று ஹோல்டரில் பார்த்த அளவை நினைத்துக்கொள்ள வேண்டும்: பாதை அறுந்த இடத்தின் இரு முனைகளுக்கும் இடையே நிற்பது முழு 230 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பின், இழைப் பல்புச் சரமானால், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, வரிசையின் நடுவிலிருந்து இரு பக்கமும் சோதியுங்கள். எந்தப் பாதியில் தொடர்ச்சி இல்லையோ அதை மீண்டும் பாதியாக்குங்கள். 38 பல்புகளில் கோளாறான ஒன்றை ஐந்தாறு சோதனைகளில் பிடித்துவிடலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பவருக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

கருகிய பல்பை வெட்டியெறிந்துவிட்டு வயரை முறுக்கி ஒட்டுவது பரவலான பழக்கம். உறவினர் வீட்டுச் சாந்திக் கல்யாணம் ஒன்றில், பந்தல் போட வந்த பையன் ஒரே வரிசையில் எட்டுப் பல்புகளை இப்படி நீக்கிவிட்டான். மிஞ்சிய 30 பல்புகளுக்கும் தலைக்கு 7.7 வோல்ட் கிடைத்ததால் அந்த வரிசை மற்றவற்றைவிடப் பளிச்சென்று எரிந்தது. அவனுக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது. மறுநாள் மாலை அந்த வரிசை முழுவதும் போய்விட்டது. கருகிய பல்புக்குப் பதில் அதே வோல்ட் அளவுள்ள பல்பைத்தான் போட வேண்டும்.

தானாக முளைக்கும் தொடரிணைப்புகள்

முதலாவது, தளர்ந்த இணைப்பு. பிளக் பாயிண்டின் திருகு தளர்ந்தோ, முறுக்கிய ஜாயிண்டில் களிம்பேறியோ அந்த இடத்தில் அரை ஓம் மின்தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது கீசரோடு தொடரிணைப்பில் இருக்கிறது, 8.7 ஆம்பியர் அதன் வழியாகவும் போகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் ஏறக்குறைய 38 வாட். பற்றவைக்கும் ஒரு சால்டரிங் அயர்னின் வெப்பம், சுவருக்குள், பிளாஸ்டிக் பெட்டிக்குள். எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது, தொடரில் ஒரு மின்தடை சேர்ந்ததால் மின்னோட்டம் கூடவில்லை, சற்றுக் குறைந்திருக்கிறது. ஆர்.சி.சி.பி.யும் கண்டுகொள்ளாது, எதுவும் கசியவில்லை. உங்கள் மூக்கும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கியதும் அதன் பின்கள் சுடுகின்றனவா, பாயிண்ட் பழுப்பேறியிருக்கிறதா, மீன்வாடை போன்ற கருகல் நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். நீண்ட நாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறக்கும்போது, விருந்தாளிகள் வருவதற்கு முன்பே, மெயினை அணைத்துவிட்டு எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கச் செய்வது நல்லது.

இரண்டாவது, வயரின் நீளம். தெருவிலிருந்து தெருவரை நீளும் வீட்டில், முகப்பு மீட்டரிலிருந்து பின்கட்டுக் குளியலறை 50 மீட்டர் தள்ளி இருக்கக்கூடும். போக வர 100 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரானால் சுமார் 1.2 ஓம் மின்தடை கீசரோடு தொடரில் சேர்கிறது. 10 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைகிறது, 90 வாட்டுக்கு மேல் வயரைச் சூடாக்குகிறது. 4 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 4 வோல்ட் அளவில் நின்றுவிடும். பின்கட்டுக்குத் தனியாகத் தடித்த வயர் இழுத்து அங்கே ஒரு சிறிய எம்.சி.பி. பெட்டி வைப்பதே என் பரிந்துரை. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை வெட்டிக் குழாய் புதைப்பதைக் காட்டிலும், மர உத்தரத்தின் ஓரமாகப் பைப் ஓட்டுவது வேலைக்கும் எளிது, அந்தப் பூச்சும் பிழைக்கும்.

மூன்றாவது, அறுந்த நியூட்ரல். ஒற்றை ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் அறுந்தால் எதுவும் ஓடாது. ஆனால் பிளக் பாயிண்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரியும். இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது என்று பலர் பதறுவார்கள். வந்திருப்பது ஒரே ஃபேஸ்தான். சுவிட்ச் போட்ட நிலையில் உள்ள ஏதோ ஒரு விளக்கின் வழியாக அது நியூட்ரல் வயருக்குள் இறங்கி, போக வழியின்றி நிற்கிறது. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டால் நியூட்ரல் துளையில் டெஸ்டர் அணைந்துவிடும். இதுவே அடையாளம்.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள பெரிய வீட்டில் இதே கோளாறு மிகக் கொடியது. மெயின் நியூட்ரல் அறுந்தவுடன், ஓர் ஃபேஸின் கருவிகளும் இன்னொரு ஃபேஸின் கருவிகளும் ஒன்றுக்கொன்று தொடரிணைப்பாகி, இரண்டு ஃபேஸ்களுக்கும் இடையிலுள்ள 400 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு பக்கம் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும் மறுபக்கம் 40 வாட் இழைப் பல்பும் மட்டும் இருந்தால், கணக்குப்படி இஸ்திரிப் பெட்டிக்கு 15 வோல்ட், பல்புக்கு 385 வோல்ட். மேசையில் 10 வாட் பல்பு பிரகாசித்த அதே கதை. தொலைக்காட்சி, எல்.இ.டி. விளக்கு, ரௌட்டர் என வாட் குறைந்தவை வரிசையாகக் கருகும். சில விளக்குகள் திடீரெனப் பிரகாசமாகி, வேறு சில மங்கினால் யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின் வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்னழுத்தம் எல்லை மீறினால் தானே துண்டிக்கும் ரிலே ஒன்றை மெயினுக்கு அடுத்து வைத்துக்கொள்வது இப்படிப்பட்ட வீடுகளுக்கு வீண்செலவாகாது.

பேட்டரிகளை இணைக்கும்போது

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. 12 வோல்ட் பேட்டரி என்பதே 2 வோல்ட் கலங்கள் ஆறு தொடரில் இருப்பதுதான். 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டைத் தொடரில் இணைத்தால் 24 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பக்கத்தில் இணைத்தால் 12 வோல்ட், 300 ஆம்பியர்-மணி. எது வேண்டும் என்பதை இன்வெர்ட்டரின் மேல் எழுதியிருக்கும். பழையதையும் புதியதையும் எந்த முறையிலும் கலக்காதீர்கள். தொடரில் நலிந்தது முதலில் வடிந்து மற்றதையும் முடக்கும், பக்கத்தில் நல்லது நலிந்ததற்குள் வடியும். மின்கலங்களையும் ஆராயும் மின்வேதியியல் ஆய்வு நிலையம் ஒன்று, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட செக்ரி, காரைக்குடியிலேயே இருப்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

சீரிஸ் போர்டு

பழுது பார்த்த கருவியை நேராக மெயினில் செருகாமல், முதலில் சீரிஸ் போர்டில் சோதிப்பது நல்ல வேலைக்காரரின் அடையாளம். ஃபேஸ் ஒரு சுவிட்ச் வழியாக 100 வாட் இழைப் பல்பின் ஹோல்டருக்குப் போய், அதிலிருந்து ஒரு பிளக் பாயிண்டுக்கு வருகிறது. நியூட்ரலும் எர்த்தும் நேரே பாயிண்டுக்குப் போகின்றன. சோதிக்கப்படும் கருவி பல்போடு தொடரில் அமைந்துவிடும். இதை மின்பணியாளர் ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்குங்கள். எல்.இ.டி. பல்பை அதில் போட்டால் பயனில்லை.

கருவியைச் செருகி, அதன் சுவிட்சையும் போட்ட பிறகு பல்பு எரியாவிட்டால், பெரும்பாலும் கருவிக்குள் எங்கோ பாதை அறுந்திருக்கிறது. மங்கலாக எரிந்தால் பாதை இருக்கிறது, ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் என்பது பொதுவான விதி. அதை நேராகச் செருகியிருந்தால் எம்.சி.பி. விழுந்திருக்கும், இங்கே பல்பு குறுக்கே நின்று மின்னோட்டத்தை அரை ஆம்பியருக்குள் பிடித்துக்கொள்கிறது.

இந்த விதிக்கு விலக்கான ஒரு கருவியை அறிந்திருக்க வேண்டும். 2000 வாட் கீசரின் மின்தடை 26 ஓம். 100 வாட் பல்பின் மின்தடை 529 ஓம். நல்ல நிலையில் உள்ள கீசரைச் சீரிஸ் போர்டில் செருகினாலே பல்புக்கு 219 வோல்ட் கிடைத்து, அது முழு வெளிச்சத்தில் எரியும். இதை ஷார்ட் என்று எண்ணி நல்ல ஹீட்டர் காயிலைத் தூக்கியெறிந்தவர்கள் உண்டு. இப்படிப்பட்ட கருவிகளை மின்சாரமே இல்லாமல் மல்டிமீட்டரின் ஓம் அளவில் சோதியுங்கள். பிளக்கின் ஃபேஸ் பின்னுக்கும் நியூட்ரல் பின்னுக்கும் இடையே 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். அந்த இரண்டு பின்களில் எதற்கும் எர்த் பின்னுக்கும் இடையே தொடர்ச்சி சிறிதும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தக் கீசரைக் குளியலறையில் மாட்ட வேண்டாம்.